வரப்பு ஆடிய நாள்

சென்னையில இருந்தும் பெங்களூருல இருந்தும் நம்ம ஊருக்கு வர்ற நண்பர்கள், வயலைச் சுத்திப் பாத்து முடிச்சதும் அடுத்து ஒண்ணு கேப்பாங்க. "வேதாரண்யம் கடல் பக்கத்துலதானே இருக்கு, யாராவது மீன்பிடி படகுல கூட்டிட்டுப் போவாங்களா?" நான் உடனே சரின்னு சொல்றதில்லை. அதுக்குக் காரணம், மூணு வருஷத்துக்கு முந்தி ஒரு மாசி மாசத்துல நடந்த விஷயம்.

2018 நவம்பர் 16 விடியக்காலை கஜா புயல் எங்க பக்கம் கரையைக் கடந்துச்சு. என் தென்னை முக்கால்வாசி படுத்துடுச்சு. நாங்க காலங்காலமா நெல்லு கொடுத்து மீன் வாங்குற கடற்கரை ஊர் அண்ணன் ஒருத்தர் இருக்கார். அவர் படகும் உடைஞ்சு கிடந்துச்சு. ஆனாலும் நாலு நாள் எங்க தோப்புக்கு வந்து மரம் அறுத்து ஒதுக்கினார். கடல்ல கயிறு இழுத்து இழுத்து காய்ச்ச கை, அரிவாள் பிடிச்சதுல கொப்புளமாயிடுச்சு. "உங்க வேலை லேசுன்னு நெனைச்சேன்டா தம்பி. நீ ஒரு நாள் எங்க வேலைக்கு வந்து பாரு"ன்னு சிரிச்சார். போறேன் போறேன்னு தள்ளிக்கிட்டே வந்தேன். ஒரு வருஷம் சம்பா அறுவடை முடிஞ்சு கை ஓய்ஞ்ச நேரத்துல கிளம்பிட்டேன்.

போறதுக்கு முந்தின ராத்திரி நான் செஞ்சது எல்லாமே தப்பு. கடலுக்குப் போறாரேன்னு வீட்டுல கறிக்குழம்பு வெச்சாங்க, மூக்கு முட்ட சாப்பிட்டேன். ரெண்டு மணிக்குப் படகுல ஏறணும்ங்கிற பரபரப்புல தூக்கமே இல்லை. கரையில வெறும் வயித்துல நிக்கிற மாதிரி இருக்கேன்னு மேல ஒரு கிளாஸ் பால் டீ வேற.

ஃபைபர் படகு. அண்ணன், அவர் மகன், கூட ஒரு ஆள், நான். என்ஜின் ஓடி படகு முன்னால போற வரைக்கும் ஒண்ணும் தெரியலை. முகத்துல காத்து, தலைக்கு மேல நட்சத்திரம், பின்னால கரையோட விளக்கு. இதுக்கா பயந்தோம்னு நெனைச்சேன். வலை விட்டு முடிச்சு என்ஜினை நிறுத்தினாங்க பாருங்க, அப்ப ஆரம்பிச்சுது. ஓடுற படகு அலையை வெட்டிக்கிட்டுப் போகும். நின்ன படகை அலை எடுத்துக்கும். இந்தப் பக்கம் சாயும், அந்தப் பக்கம் சாயும், நடுவுல ஒரு சுழட்டு. அதோட டீசல் வாடை. சும்மா உக்காந்திருக்கோமேன்னு குனிஞ்சு, டார்ச் வெளிச்சத்துல கயித்துச் சிக்கல் எடுக்கப் போனேன். ரெண்டே நிமிஷம். வாயில எச்சில் ஊறுச்சு, காது ஓரம் வேர்த்துச்சு, கொட்டாவி வந்துச்சு. அடுத்தது கறிக்குழம்பு.

விடியறதுக்குள்ள ஆறு தடவை. கடைசியில பித்தத் தண்ணி மட்டும்தான். கூட வந்த ஆள், "ஒரு வாய் கடல் தண்ணி குடிங்க, நின்னுடும்"னார். அண்ணன் அவரை அதட்டிட்டு, நல்ல தண்ணியை ஒவ்வொரு மொடக்கா கொடுத்தார். அவர் செஞ்சதுதான் சரி. வாந்தியில ஏற்கனவே உடம்புத் தண்ணி போகுது, உப்புத் தண்ணி குடிச்சா இன்னும் கொமட்டும், நாக்கும் வறளும். என்னை இழுத்துப் படகு நடுவுல உக்கார வெச்சு, "குனியாத, கரை விளக்கையே பாரு"ன்னார். பாத்தேன். முழுசா நிக்கலை, ஆனா தாங்குற மாதிரி ஆச்சு.

அப்பத்தான் அந்தப் பையனைக் கவனிச்சேன். இருபது வயசு. டிப்ளமோ முடிச்சிட்டு, ஆள் பத்தலைன்னு ஒரு வருஷமா அப்பா கூட வர்றான். படகோட முன் நுனியை அணியம்னு சொல்லுவாங்க. அங்க எங்களுக்கு முதுகு காட்டி உக்காந்திருந்தான். குலுங்கினான். சத்தம் வராம கக்குறான். வாயைத் துடைச்சிட்டுத் திரும்பினவன் என்னைப் பாத்துட்டு, வேணாம்ங்கிற மாதிரி தலையை ஆட்டினான். கொஞ்ச நேரம் கழிச்சு பாக்கெட்டுல இருந்து அட்டையை எடுத்து ரெண்டு மாத்திரை முழுங்கினான்.

கிட்டப் போய் மெதுவா கேட்டேன்.

"இது போடலைன்னா முடியாது சித்தப்பா."

"அப்பாவுக்குத் தெரியுமா?"

"தெரிஞ்சா ஊருக்கே தெரியும். மீனவன் மகன் கடல்ல கக்குறான்னு சிரிப்பாங்க. சொல்லிடாதீங்க."

சொல்லலைன்னு தலையாட்டிட்டேன்.

வெளிச்சம் வந்ததும் வலை வாங்க ஆரம்பிச்சாங்க. எனக்கு வேலை இல்லாததால அவனையே பாத்துக்கிட்டு இருந்தேன். கண்ணு சொக்குது. நின்னுக்கிட்டே தலை தொங்குது. வலையோட கயிறு அவன் காலடியில வளையமா கிடக்கு, அதுக்குள்ள கால் இருக்கு, அவனுக்குத் தெரியலை. நான் கத்தினேன். அண்ணன் ஒரே எட்டுல வந்து அவன் தோளைப் பிடிச்சு இழுத்தார். அடுத்த அலைக்குக் கயிறு விறைச்சுக்கிட்டு வெளிய ஓடுச்சு. "ராத்திரி பூரா போன் நோண்டினா இப்படித்தான்"னு மகனைத் திட்டினார். அவன் ஒண்ணும் பேசலை. நானும் பேசலை.

பத்து மணிக்குக் கரை. அன்னிக்குச் சாயங்காலம் வயலுக்குப் போனேன். வரப்புல நடக்குறேன், வரப்பு ஆடுது. இருபது வருஷமா கண்ணை மூடிக்கிட்டு நடந்த வரப்பு. உடம்பு இன்னும் படகுலயே இருக்கு. ராத்திரி படுத்தா கட்டிலும் ஆடுச்சு. மறுநாள் அது சரியாப் போச்சு. ஆனா அந்தக் கயித்து வளையம் கண்ணை விட்டுப் போகலை. அந்தப் பையன் தினமும் ராத்திரி அப்படித்தானே நிக்கிறான்?

மூணாவது நாள் ஒரு மூட்டை அரிசியை வண்டியில போட்டுக்கிட்டு அண்ணன் வீட்டுக்குப் போனேன். பையன் இல்லாத நேரமா பாத்துச் சொல்லிட்டேன். வாக்கு கொடுத்துட்டு மீறினது இன்னிக்கும் உறுத்துது. ஆனா அவன் செத்துப்போயிருந்தா அந்த வாக்கை வெச்சு என்ன செய்ய?

அண்ணன் வலை பொத்திக்கிட்டு இருந்தார். ரொம்ப நேரம் தலையே தூக்கலை. அப்புறம் சொன்னார். "நானும் மொத மூணு மாசம் கக்குனேன். எங்கப்பா கூட கட்டுமரத்துல. ஒளியறதுக்கு இடமா இருக்கு? குளிக்கிற மாதிரி தண்ணியில எறங்கி, மரத்தைப் பிடிச்சுக்கிட்டு கக்குவேன். இத்தனை வருஷத்துல யார்கிட்டயும் சொன்னதில்லை. அவங்கம்மாவுக்கே தெரியாது."

மறுநாள் மூணு பேரும் டாக்டர்கிட்ட போனோம். அவர் சொன்னதை என் பாஷையில சொல்றேன். காதுக்குள்ள நம்ம நிலையைப் பாத்துக்கிற ஒரு உறுப்பு இருக்கு. கட்டடம் கட்டுறவங்க வெச்சிருக்கிற ரசமட்டம் மாதிரி. படகு ஆடும்போது அது "நீ ஆடுற"ன்னு மூளைக்குச் சொல்லும். கண்ணு குனிஞ்சு படகுத் தரையையோ போனையோ பாத்துக்கிட்டு "எதுவும் ஆடலையே"ன்னு சொல்லும். இந்த ரெண்டு சாட்சியும் ஒத்துப் போகாததுதான் வியாதி. வயித்துல கோளாறு இல்லை, தைரியக் குறைவும் இல்லை. அடிவானத்தையோ கரையையோ பாத்தா கண்ணும் ஆட்டத்தை ஒத்துக்கும், கொமட்டல் குறையும். நுனியிலயும் பின்னாலயும் ஆட்டம் ஜாஸ்தி, நடுவுல கம்மி. பாவம், அந்தப் பையன் மறைக்கணும்னு தேடிப் போய் உக்காந்த அணியம்தான் இருக்கிறதுலயே மோசமான இடம்.

மாத்திரையைப் பத்தி டாக்டர் கொஞ்சம் கோவமாவே பேசினார். இந்த மாத்திரைகள்ல பெரும்பாலானது தூக்கம் கொடுக்கும். கிளம்புறதுக்கு ஒரு மணி நேரம் முன்னாடி போடணும். கொமட்டல் வந்தப்புறம் போட்டா பாதி வெளிய வந்துடும். பலிக்கலைன்னு ரெண்டு மூணா முழுங்கினா தூக்கம்தான் கூடும். சுற்றுலா போறவன் தூங்கலாம், வலை இழுக்குறவன் தூங்கலாமா?

கடல் பழகினவங்களுக்கும் இது வரும். விசைப்படகுகளுக்கு ஏப்ரல் 15லிருந்து ஜூன் 14 வரைக்கும் 61 நாள் மீன்பிடித் தடை. அது முடிஞ்சு மொத தடவை போறப்ப பழைய ஆளுங்க சிலருக்கே தலை சுத்தும்னு அண்ணன் அன்னிக்குத்தான் வாய் திறந்து சொன்னார். நான் அப்புறம் தேடிப் படிச்சேன். இங்கிலாந்தோட பெரிய கடற்படைத் தளபதி நெல்சனுக்கு இது இருந்திருக்கு. பீகிள் கப்பல்ல 1831லிருந்து 1836 வரைக்கும் உலகத்தைச் சுத்தின டார்வின் கடைசி வரைக்கும் இதுல அவதிப்பட்டிருக்கார். அந்தப் பையன்கிட்ட இதைச் சொன்னப்பதான் மொத தடவையா சிரிச்சான்.

இப்ப அவன் போற வரைக்கும் படகை ஓட்டுறது அவன்தான். பஸ் ஓட்டுறவருக்கு வாந்தி வந்து பாத்திருக்கீங்களா? அடுத்த ஆட்டம் எப்ப வரும்னு தெரிஞ்ச உடம்பு முன்கூட்டியே தயாராயிடும். கிளம்புறதுக்கு முன்னாடி ரெண்டு இட்லி, இடுப்புல ஒரு துண்டு இஞ்சி. வலை விட்டப்புறம் நடுவுல உக்காந்து தூரத்தைப் பாக்குறான். கடல் மோசமா இருக்குற நாள்ல கரையிலயே நின்னுக்குறான். அப்பப்ப கக்கத்தான் செய்யிறான், ஆனா மறைக்கிறதில்லை. கரையில என்ஜின் வேலை கத்துக்கலாமான்னும் ஒரு யோசனை இருக்கு. அண்ணன் "பாப்போம்"ங்கிறார்.

படகுல போகணும்னு ஆசைப்படுற நண்பர்களே, முந்தின ராத்திரி நல்லாத் தூங்குங்க. மது தொடாதீங்க. வயித்தை ரொப்பவும் வேணாம், காயவும் போடாதீங்க. போனை உள்ள வெச்சிடுங்க. லைஃப் ஜாக்கெட் போடாம ஏறாதீங்க, வாந்தி எடுக்குறவன் விளிம்புல சாய்ஞ்சுதான் எடுப்பான், அப்ப ஒருத்தர் அவனைப் பிடிச்சுக்கணும். மாத்திரை வேணும்னா டாக்டரைக் கேட்டு வாங்குங்க. குடிச்ச தண்ணிகூட நிக்கலை, பேச்சு குழறுதுன்னா வேடிக்கை போதும், படகைத் திருப்பச் சொல்லுங்க.

கொமட்டுதுன்னா உடனே வாயைத் திறந்து சொல்லிடுங்க. வெக்கப்பட்டு அணியத்துல போய் உக்காராதீங்க.