ஹண்டிங்டன் பெரியவரும் என் 180 பவுண்டு ஒயரும்

கொஞ்சம் கொசுவத்தி சுத்தப் போறேன். நீளமாவும் இருக்கும். ஆணி கம்மியா இருக்கறவங்க மட்டும் உக்காருங்க :-)

எங்க வீட்டு ஹாலில் டிவிக்குக் கீழே பழுப்பு நிறத்தில் ஒரு இரும்புப் பொட்டி இருக்கு. வர்றவங்க எல்லாம் "இது என்னங்க, ஸ்டெபிலைசரா?"ன்னுதான் கேப்பாங்க. ஸ்டெபிலைசர் இல்லை, ஆம்ப்ளிஃபயர். குவாட் 303. அந்த மாடல் வெளிவந்தது 1967-ல். நான் பிறக்கறதுக்கு முன்னாடி. அதைச் செஞ்ச மனுஷர் பீட்டர் வாக்கர், 2003 டிசம்பரில் தன்னோட 87-வது வயசுல காலமானார். நான் கேம்பிரிட்ஜுக்குப் பொட்டி தட்டப் போய் இறங்கினது 2005-ல். ரெண்டு வருஷத்துல தவற விட்டுட்டேன்னு இன்னிக்கும் ஒரு ஆதங்கம். இருந்திருந்தா மட்டும் போய்ப் பார்த்திருப்பேனான்னு கேக்காதீங்க. வாசல் வரைக்கும் போய் நின்னிருப்பேன், அவ்ளோதான்.

வாக்கரோட கம்பெனி இருந்தது ஹண்டிங்டன். கேம்பிரிட்ஜுக்குப் பக்கத்து ஊர் மாதிரிதான். ஆலிவர் க்ராம்வெல் பிறந்த ஊர்னு பள்ளிக்கூடப் புத்தகம் படிச்சவங்களுக்கு ஞாபகம் இருக்கலாம். ஒரு சனிக்கிழமை பஸ் ஏறிப் போய்ப் பார்த்தேன். ஆறு, பழைய கல் பாலம், மீன் வறுவல் கடை. இந்த ஊருல இருந்தா உலகத்து ஆடியோ பைத்தியங்களை எல்லாம் ஒருத்தர் ஆட்டி வெச்சார்னு இருந்தது.

அவர் ஆரம்பிச்சது 1936-ல், லண்டனில். முதல்ல செஞ்சது மேடைக்கு மைக் செட். நம்மூர் சவுண்டு சர்வீஸ்காரர் மாதிரின்னு வெச்சுக்குங்களேன். போர் வந்தது, லண்டனில் குண்டு விழுந்தது, 1941-ல் ஹண்டிங்டனுக்கு ஜாகை மாத்தினார். அதுக்கப்புறம் அந்த ஊரை விட்டு நகரவே இல்லை. போர் முடிஞ்சப்புறம் வீட்டுல பாட்டு கேக்கறவங்களுக்காக ஆம்ப்ளிஃபயர் செய்ய ஆரம்பிச்சார். 1953-ல் வந்த குவாட் டூ வால்வு ஆம்ப்ளிஃபயர் வெறும் 15 வாட்டு. இன்னிக்கு ஆட்டோவுல வெச்சிருக்கிற செட்டுலயே 'ஆயிரம் வாட்'னு ஸ்டிக்கர் ஒட்டிடறாங்க :-) அந்த 15 வாட்டு பொட்டியைத்தான் இன்னிக்கும் ரிப்பேர் பண்ணிப் பண்ணி வெச்சுக் கேட்டுக்கிட்டிருக்காங்க.

1957-ல் இன்னொரு கூத்து பண்ணினார். கூம்பும் காயிலும் இல்லாத ஸ்பீக்கர். மெல்லிசா ஒரு பிளாஸ்டிக் படலம், ரெண்டு பக்கமும் ஓட்டை போட்ட தகடு, படலத்துக்கு ஆயிரக்கணக்கான வோல்ட்டு. பாக்கறதுக்கு அறையைச் சூடாக்குற ஹீட்டர் மாதிரியே இருக்கும். எலக்ட்ரோஸ்டாட்டிக் ஸ்பீக்கர்னு பேரு. நான் அதை ஒரே ஒரு தடவை கேட்டிருக்கேன். அதுக்கு அப்புறம் வர்றேன்.

சரி, என் கதைக்கு வருவோம். கேம்பிரிட்ஜுல எனக்கு ஆடியோ பித்து பிடிச்சது. கையில முதல் தடவையா கொஞ்சம் காசு. சாயங்காலம் நாலு மணிக்கே இருட்டிடற ஊரு. பத்திரிகைகளை வாங்கிப் படிச்சுப் படிச்சு, எனக்கு ராஜா சார் பாட்டுல வயலின் தெளிவாக் கேக்காததுக்குக் காரணம் ஸ்பீக்கர் ஒயர்தான்னு முடிவுக்கு வந்தேன். ஒரு கடையில போய் உக்காந்தேன். கடைக்காரர் ரொம்ப மரியாதையா டீ குடுத்து, வெள்ளி முலாம் பூசின ஒயரைப் போட்டுக் காட்டினார். "வித்தியாசம் தெரியுதா?"ன்னார். தெரியலைன்னா நம்ம காது சரியில்லைன்னு ஆயிடுமே! தெரியுதுன்னேன். 180 பவுண்டு.

வீட்டுக்கு வந்து தங்ஸ் கேட்டப்போ "பதினெட்டு பவுண்டு"ன்னேன். ஒரே ஒரு சைபர்தான் வித்தியாசம்.

இதைச் சிரிச்சுக்கிட்டே எழுதறேன், ஆனா அப்போ சிரிப்பு வரலை. அந்த மாசம் ஊருல அவ தங்கைக்குக் கல்யாண ஏற்பாடு நடந்துக்கிட்டிருந்தது. நாங்க அனுப்பறதா சொன்ன தொகையில கொஞ்சத்தை அடுத்த மாசம் அனுப்பலாம்னு நான்தான் சொன்னேன். அவ ஒண்ணும் சொல்லலை. நான் சொன்ன விலையை நம்பினா. அது ராத்திரியில வயித்துல கல்லு மாதிரி கிடந்தது. பாட்டு கேக்கும்போது வயலின் கேட்டுதோ இல்லையோ, அந்த சைபர் கேட்டுது.

2006-ல்தான் இந்த 303 கிடைச்சது. பக்கத்துக் கிராமத்துல ஒரு வயசான வெள்ளைக்காரர் வீட்டைக் காலி பண்ணிட்டு மகளோட போய் இருக்கப் போறார், 60 பவுண்டுக்குத் தர்றேன்னார். போனேன். அவர் அறையில அந்த ஹீட்டர் ஸ்பீக்கர் ரெண்டும் நின்னுக்கிட்டிருந்தது. அது விற்பனைக்கு இல்லையாம், மகள் வீட்டுக்குப் போகுதாம். ஒரு பெண் குரல் பாட்டு போட்டார். நான் பொய் சொல்லலைங்க, பாடறவங்க தொண்டையைச் செருமறதுக்கு முன்னாடி மூச்சு இழுக்கறது, அறைக்குள்ள யாரோ நிக்கற மாதிரி கேட்டுது. பெரிய சத்தம் எல்லாம் அதுல வராது. தவில் தனியாவர்த்தனத்தை அதுல போட்டா ஸ்பீக்கரும் போகும், மனசும் போகும். ஆனா குரலுக்கு அதைவிட நல்லதை நான் இன்னும் கேக்கலை.

ஒயர் எங்கன்னு எட்டிப் பார்த்தேன். டேபிள் லாம்ப்புக்குப் போடற சாதா ஒயர்! நான் பார்க்கறதைப் பார்த்துட்டுப் பெரியவர் சிரிச்சார். உள்ளே போய் ஒரு பழைய பத்திரிகையை எடுத்துட்டு வந்தார். ஒயர்லெஸ் வேர்ல்ட், 1978 ஜூலை.

அந்தக் கட்டுரைதான் என் பித்தைத் தெளிய வெச்சது. சுருக்கமாச் சொல்றேன். அப்போ ட்ரான்சிஸ்டர் வந்து வால்வை ஓரம் கட்டிட்டிருந்த நேரம். வால்வுதான் இனிமைன்னு ஒரு கோஷ்டி, புதுசுதான் சுத்தம்னு ஒரு கோஷ்டி. வாக்கர் கம்பெனிக்காக ஜேம்ஸ் மாய்ர்ங்கற பொறியாளர் ஒரு பரிசோதனை நடத்தினார். 1953-ஓட வால்வு குவாட் டூ, 1967-ஓட ட்ரான்சிஸ்டர் 303, 1975-ஓட புத்தம் புது 405. மூணுமே வாக்கர் பெத்த பிள்ளைங்க. எது பாடுதுன்னு சொல்லாம, சத்தத்தை ஒரே அளவா வெச்சு, எதையும் அதோட சக்திக்கு மீறி முடுக்காம, காது தேர்ந்த ஆளுங்களை உக்கார வெச்சு மாத்தி மாத்திப் போட்டார். யாராலயும் நம்பிக்கையா இது இதுன்னு பிரிச்சுச் சொல்ல முடியலை. முடிவை அப்படியே அச்சுல போட்டாங்க.

யோசிச்சுப் பாருங்க. இவர் கடையில புதுச் சரக்கு 405. அது 25 வருஷப் பழசைவிடக் காதுக்கு ஒண்ணும் உசத்தி இல்லைன்னு தன் செலவுலயே நிரூபிச்சு ஊருக்குச் சொல்றார். நம்மூர்ல எந்த மிக்ஸி கம்பெனியாவது இதைச் செய்யுமா? (எல்லா ஆம்ப்ளிஃபயரும் ஒண்ணுதான்னு நான் சொல்ல வரலை. 15 வாட்டை வெச்சு மண்டபத்துக்குப் பாட்டு போட்டா பிளிறத்தான் செய்யும். சண்டைக்கு வராதீங்க.)

அப்போ எதுக்குய்யா 405-ன்னு கேப்பீங்க. இதுல மனுஷர் மூளை தெரியும். அதிக சக்தி குடுக்கிற பெரிய ட்ரான்சிஸ்டர் எல்லாம் முரட்டு ஆளுங்க. ஒழுங்கா வேலை வாங்கணும்னா எப்பவும் கொஞ்சம் மின்சாரம் ஓட விட்டு, சூடு ஏற ஏறத் திருகித் திருகிச் சரி பண்ணிக்கிட்டே இருக்கணும். வாக்கர் வேற வழி பார்த்தார். நம்ம கோயில் தேர் இழுக்கறதைப் பார்த்திருப்பீங்க. வடம் பிடிக்கிறவங்க ஆயிரம் பேர். பலம் மட்டும் அவங்களது, நெளிவு சுளிவு எதுவும் தெரியாது. தேர் எங்க போகணும்னு தீர்மானிக்கிறது சக்கரத்துக்கு அடியில முட்டுக்கட்டை போடற அந்த நாலு பேர். 405-லயும் அப்படித்தான். முரட்டு ட்ரான்சிஸ்டர் வடம் இழுக்கும், ஒரு சின்ன சுத்தமான ஆம்ப்ளிஃபயர் முட்டுக்கட்டை போடும். நாலே நாலு உதிரிப் பாகங்களைக் கணக்கா அமைச்சு, முரடனோட தப்பு ஸ்பீக்கருக்குப் போய்ச் சேராம பண்ணிட்டார். கரண்ட் டம்ப்பிங்னு பேர் வெச்சார். திருகிச் சரி பண்ற வேலையே இல்லை. 1978-ல் அதுக்கு ராணி பேர்ல ஒரு விருதும் வாங்கினாங்க. அந்த சர்க்யூட் வேலை செய்யற விதத்தையும் 1975-லயே பத்திரிகையில எழுதி வெச்சுட்டார். யார் வேணா படிச்சு, சால்டரிங் அயர்னை எடுத்துக்கிட்டு உக்காரலாம்.

நல்ல ஆம்ப்ளிஃபயர்ங்கறது சத்தத்தைப் பெருக்கித் தர்ற ஒரு நேர்க்கம்பி, அவ்ளோதான், தன் பங்குக்கு எதையும் சேர்க்கவும் கூடாது, குறைக்கவும் கூடாது. இந்தப் பேச்சு அவர் பேரோடயே ஒட்டிக்கிட்டது. இத்தனைக்கும் அவர் புல்லாங்குழல் வாசிக்கிறவர். வாத்தியம் நிஜத்துல எப்படிக் கேக்கும்னு தெரிஞ்ச ஆள். 1990-களில் கம்பெனி கை மாறி, இப்போ குவாட் சீனத்துக் குழுமம் ஒண்ணுக்குச் சொந்தம். அது வேற கதை.

303-ஐ மடியில வெச்சுக்கிட்டு பஸ்ஸுல வந்தேன். பழைய காலத்து டின் சாக்கெட்டு. ஒரு ஞாயிறு முழுக்க பிளக்கை சால்டர் பண்ணி விரலைச் சுட்டுக்கிட்டேன். பாட ஆரம்பிச்சதும் தங்ஸைக் கூப்பிட்டேன். "ஒரு உதவி பண்ணு. நான் செவுத்தைப் பார்த்து உக்காந்துக்கறேன். இந்த ஒயரையும் அந்த சாதா ஒயரையும் உன் இஷ்டத்துக்கு மாத்திப் போடு. சில நேரம் மாத்தாமயும் விடு. நான் எதுன்னு சொல்றேன், நீ குறிச்சுக்க."

மளிகைக் கணக்கு நோட்டுல குறிச்சா. 20 தடவை. ஒரே பாட்டோட அதே நாப்பது வினாடி. கடைசியில அவளுக்குக் கழுத்து வலி, எனக்கு வேர்வை. எண்ணிப் பார்த்தோம். 20-க்கு 11 சரி. காசு சுண்டிப் போட்டாலே 10 வரும்.

"பரவாயில்லையே, பதினெட்டு பவுண்டுதானே"ன்னா.

அப்பவே சொல்லிட்டேன். சைபரைச் சொல்லிட்டேன். அவ நோட்டை மூடி அடுக்களையில வெச்சுட்டு வந்து, "இதுக்காகவா என் தங்கச்சி பணம் நின்னுது?"ன்னு ஒரே ஒரு கேள்வி கேட்டா. கத்தலை. கத்தியிருந்தா நல்லாருந்திருக்கும். மூணு நாள் வீட்டுல ஆம்ப்ளிஃபயரும் பேசலை, ஆளும் பேசலை.

ஒயரை வித்துடலாம்னு விளம்பரம் எழுத உக்காந்தேன். 'இசையில் நல்ல முன்னேற்றம் தெரியும்'னு எழுதணும். கை வரலை. 'அளவு மூணு மீட்டர், நல்ல நிலையில் இருக்கு'ன்னு மட்டும் எழுதினேன். 70 பவுண்டுக்குப் போச்சு. வாங்க வந்த பையன் "வித்தியாசம் தெரியுமா?"ன்னு கேட்டான். "எனக்குத் தெரியலைப்பா"ன்னேன். அடக்கமாப் பேசறேன்னு நினைச்சுக்கிட்டு வாங்கிட்டுப் போயிட்டான்! அந்தப் பணம் அன்னிக்கே ஊருக்குப் போச்சு. மிச்சத்தை மூணு மாசத்துல சேர்த்து அனுப்பினோம்.

2009-ல் சென்னைக்குத் திரும்பினப்போ, மைக்ரோவேவை விட்டுட்டு 303-ஐக் கையில தூக்கிட்டு வந்தேன். ரிச்சி தெருவுல ஒரு அண்ணன்கிட்ட குடுத்தப்போ மூடியைத் திறந்து ரொம்ப நேரம் பார்த்துக்கிட்டே இருந்தார். "யாரு சார் கட்டினது? ஒயரிங்கைப் பாருங்க, பூ தொடுத்த மாதிரி இருக்கு"ன்னார். வயசான கெபாசிட்டர்களை மட்டும் மாத்திக் குடுத்தார். மத்ததைத் தொட மாட்டேன்னுட்டார்.

இன்னிக்குக் காலையிலயும் பாடிச்சு. ஒயர் பக்கத்துத் தெரு எலக்ட்ரிக்கல் கடையில வாங்கினது. விலை தங்ஸுக்குத் தெரியும், அவதான் காசு குடுத்தா.