அடைமொழிக்கும் ஒரு வேலை வேண்டும்

கொஞ்சம் நீளமான பதிவு. வகுப்பில் உட்கார்ந்த பொறுமையோடு படியுங்கள்.

போன வாரம் பழைய மாணவி ஒருத்தி போன் செய்தாள். அவள் மகன் இப்போது ஏழாம் வகுப்பு. “ஐயா, பையனோட கட்டுரையில வருணனை போதலைன்னு எழுதி அனுப்பியிருக்காங்க. பெயர்ச்சொல்லுக்கு முன்னால போடற மாதிரி நல்ல சொல்லா ஒரு லிஸ்ட் குடுங்க” என்றாள்.

லிஸ்ட் கொடுப்பது சுலபம். அழகிய, இனிய, மாபெரும், புகழ்பெற்ற என்று ஒரு பக்கம் எழுதிவிடலாம். முப்பது வருடத்துக்கு மேல் ‘கடற்கரை’ கட்டுரை திருத்தியவன் நான். காசிமேட்டுப் பையனும் எழுதுவான், எண்ணூர்ப் பெண்ணும் எழுதுவாள்: “அழகிய கடற்கரையில் இனிய காற்று வீசியது.” எந்த ஊர்க் கடற்கரை என்று அதிலிருந்து கண்டுபிடிக்கவே முடியாது. அதனால் லிஸ்ட் கொடுக்கவில்லை. அவளுக்குச் சொன்னதை உங்களுக்கும் சொல்கிறேன்.

அடைமொழியை இரண்டாகப் பிரிக்கிறது நன்னூல். இனமுள்ள அடை, இனமில்லா அடை. ‘செந்தாமரை’ என்றால் வெண்தாமரையும் உண்டு. அதிலிருந்து இதைப் பிரித்துக் காட்ட ‘செம்மை’ வருகிறது. ‘செஞ்ஞாயிறு’ என்றால் வேறு நிற ஞாயிறு ஒன்று இல்லை. அது அழகுக்காக வருவது. இரண்டும் சரிதான். ஆனால் உரைநடையில் முதல் வகைக்குத்தான் வேலை அதிகம்.

நம் பக்கத்து உதாரணமே சொல்கிறேன். திருவொற்றியூரில் வடிவுடையம்மன், மீஞ்சூரை அடுத்த மேலூரில் திருவுடையம்மன், திருமுல்லைவாயலில் கொடியிடையம்மன். பௌர்ணமியும் வெள்ளிக்கிழமையும் சேர்ந்து வந்தால் மூவரையும் ஒரே நாளில் தரிசிக்கக் கிளம்புவார்கள் நம் வீட்டுப் பெண்கள். மூவரும் அம்மன்தான். எந்தக் கோயிலுக்குப் போகிறோம் என்று சொல்வது முன்னால் நிற்கும் அடை.

மீன் மார்க்கெட்டிலும் இதே இலக்கணம்தான். ‘வெள்ளை வவ்வால்’ என்று கேட்கிறோம். ஏனென்றால் கருப்பு வவ்வாலும் கூடையில் இருக்கிறது, விலை வேறு. ‘சின்ன மீன்’ என்று யாரும் கேட்பதில்லை. நெத்திலி என்று கேட்கிறோம். சரியான பெயர்ச்சொல் கிடைத்துவிட்டால் பல சமயம் அடையே தேவைப்படாது.

அடை எங்கிருந்து வரும்? பொருள், இடம், காலம், சினை, குணம், தொழில் என்று ஆறு வழிகளை நன்னூலே காட்டுகிறது. நம் பிள்ளைகள் குணத்தை மட்டும் பிடித்துக்கொள்கிறார்கள். எண்ணெய்க் கப்பல், காசிமேட்டு மீன், விடியற்கால ஏலம், இஞ்சின் படகு, கருப்பு வவ்வால், வலை இழுக்கும் கை. ஆறும் வந்துவிட்டதா? ஒன்றில்கூட ‘அழகிய’ இல்லை. ஆனாலும் காசிமேடு கண்ணில் தெரிகிறது.

ராயபுரம் ரயில் நிலையத்தை ‘பழமையான’ என்று எழுதினால், எவ்வளவு பழமை என்று தெரியாது. ‘1856இல் திறந்த ரயில் நிலையம்’ என்று எழுதிப் பாருங்கள். தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் அங்கிருந்து வாலாஜா ரோடு வரை ஓடியது. ‘புகழ்பெற்ற’ என்று சொல்லாமலே புகழ் வந்துவிடுகிறது.

இதெல்லாம் மார்க் வாங்கத்தானே என்று நினைக்காதீர்கள். 2023 டிசம்பர் உங்களுக்கு ஞாபகம் இருக்கும். மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு பக்கிங்காம் கால்வாய் வழியாக எண்ணெய் வந்து, கொசஸ்தலை ஆற்றிலும் எண்ணூர் முகத்துவாரத்திலும் பரவியது. அந்த நாட்களில் எண்ணூர்க் குப்பம் ஒன்றிலிருந்து என் மாணவன் ஒருவன் மனு எழுதிக்கொண்டு வந்தான். “மிகக் கொடுமையான பாதிப்புக்கு உள்ளான எங்கள் பரிதாபமான வாழ்க்கை” என்று ஆரம்பித்திருந்தான். அத்தனையும் உண்மை. ஆனால் மனுவைப் படிக்கும் அலுவலர் ‘கொடுமையான’ என்பதை எதை வைத்து அளப்பார்?

இரண்டு பேரும் உட்கார்ந்து மாற்றினோம். ‘எண்ணெய் அப்பிய ஃபைபர் படகு.’ ‘துவைத்தும் பிசுக்குப் போகாத நைலான் வலை.’ ‘கடலுக்குப் போக முடியாத நாட்கள்.’ ‘வாங்க ஆளில்லாமல் திரும்பி வந்த இறால்.’ ஒவ்வொன்றையும் நேரில் வந்து தொட்டுப் பார்க்கலாம், எண்ணிப் பார்க்கலாம். பரிதாபம் என்ற சொல்லை எடுத்துவிட்டோம். படிப்பவருக்கு அது தானாக வர வேண்டும்.

அப்போது அரசு நிவாரணம் அறிவித்தது. குடும்பத்துக்கு 12,500 ரூபாய், படகுக்கு 10,000 ரூபாய். யாருக்கு? ‘பாதிக்கப்பட்ட’ குடும்பத்துக்கு, ‘பாதிக்கப்பட்ட’ படகுக்கு. அந்த ஒரு பெயரெச்சத்துக்குள் வருகிறோமா, வெளியே நிற்கிறோமா என்பதில் ஒரு வீட்டின் பல நாள் அடுப்பு இருந்தது. ஓர் அடைமொழி அவ்வளவு கனம் தாங்கும்.

இன்னொன்றும் அன்று பேசினோம். ‘ஆற்றில் கலந்த எண்ணெய்’ என்பதற்கும் ‘ஆற்றில் கலக்கவிட்ட எண்ணெய்’ என்பதற்கும் என்ன வித்தியாசம்? முதலாவதில் எண்ணெய் தானாகவே நடந்து வந்து இறங்கியது போல இருக்கிறது. இரண்டாவதைப் படித்ததும் ‘யார் விட்டது?’ என்று கேட்கத் தோன்றும். வகுப்பில் தன்வினை, பிறவினை என்று மனப்பாடம் செய்தீர்களே, அது இதற்குத்தான். யார் செய்தது என்று தெரியாதபோது ‘கலந்த’ என்றே எழுதுங்கள்; தெரியாத பழியை யார் மேலும் போடக் கூடாது. தெரிந்த பிறகும் ‘கலந்த’ என்றே எழுதிக்கொண்டிருக்காதீர்கள்.

எண்ணெய் அப்பிய கூழைக்கடாக்களின் படங்களை அந்த வாரம் எல்லோரும் பார்த்தோம். வெளிறிய இறகுகள் கருத்துக் கிடந்தன. ‘வெளிறிய கூழைக்கடா’ என்றால் அதற்குமுன் வெறும் அலங்காரம். இப்போது அதற்கு எதிரில் இன்னொரு நிறம் வந்து நிற்கிறது. இப்படி ஓர் இனமுள்ள அடை நம் ஊருக்குக் கிடைத்திருக்க வேண்டாம்.

ஆகவே பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுங்கள். ஒரு சொல்லை முன்னால் போடுமுன் இரண்டு கேள்வி கேட்கட்டும்: இதை எதிலிருந்து பிரித்துக் காட்டுகிறேன்? இதை நான் பார்த்தேனா, தொட்டேனா, முகர்ந்தேனா? இரண்டுக்கும் பதில் இல்லையென்றால் அந்தச் சொல்லை விட்டுவிடலாம், வாக்கியம் விழுந்துவிடாது.

வீட்டுப்பாடம் இல்லாமல் அனுப்பினால் உங்களுக்கே ஏமாற்றமாக இருக்கும். உங்கள் தெருவில் ஒரு பொருள், அதற்கு ஒரே ஓர் அடை. கமெண்டில் எழுதுங்கள். துபாயில் இருப்பவர்கள் அந்தத் தெருவையே எழுதலாம். ‘அழகிய’ என்று எழுதுபவர்களுக்கு மட்டும் மார்க் கிடையாது.