மூன்றுக்கும் விலக்குக் கேட்காதே

அன்பின் பெறாமகளுக்கு,

உன் மெயில் கிடைத்தது. செப்டெம்பரில் தொடங்கும் பிஸ்னஸ் டிப்ளோமாவின் முதல் செமஸ்ரர் பாடங்களை அனுப்பி, கணக்கீடு, நுண்பொருளியல், பிஸ்னஸ் அறிமுகம் மூன்றும் ஊரிலேயே ஏ.எல்.லுக்குப் படித்தவைதானே, விலக்குக் கேட்கட்டோ சித்தி என்று கேட்டிருக்கிறாய். போனில் சொன்னால் "ஓம் ஓம்" என்றுவிட்டு மறந்துவிடுவாய். அதுதான் எழுதுகிறேன்.

மூன்றுக்கும் கேட்காதே. முதல் காரணம் காசு. உனக்கு அந்தச் செமஸ்ரரில் ஆறு பாடம். மூன்றை எடுத்துவிட்டால் மிச்சம் பாதி. ஓசாப் என்கிற ஒன்ராறியோ மாணவர் உதவித் திட்டத்தில் முழுநேர மாணவியாகக் கணக்கெடுக்க முழுச் சுமையில் 60 வீதமாவது படிக்க வேண்டும். 50 வீதத்தில் நின்றால் நீ பகுதிநேர மாணவி. நிரந்தர வதிவிடம் (பி.ஆர்.) எடுத்து வந்து, உதவிப்பணம் கிடைக்கிற நேரத்தில் அதை நீயே வெட்டிக்கொள்ளலாமோ?

கேட்பதென்றால் நுண்பொருளியலுக்குக் கேள். கேள்விக் கோடும் நிரம்பல் கோடும் யாழ்ப்பாணத்தில் எங்கே வெட்டினவோ ஸ்காபரோவிலும் அங்கேதான் வெட்டும். விலக்குக் கிடைத்தாலும் அந்தப் புத்தகத்தில் உச்சவிலை பற்றிய பகுதியை மட்டும் ஒருக்கா வாசி. அதற்கு எப்போதும் சொல்லும் உதாரணம் வாடகைக் கட்டுப்பாடு. நீ வாடகைக்கு இருக்கிறவள், உனக்குத் தேவை. ஒன்ராறியோவில் சாதாரணமாக, அரசு ஆண்டுதோறும் அறிவிக்கிற வீதத்துக்கு மேல் வாடகையைக் கூட்ட ஏலாது. 2025இல் அது 2.5 வீதம். ஆனால் 2018 நவம்பர் 15க்குப் பிறகு முதன்முதலாக ஆக்கள் குடிவந்த வீடுகளுக்கு அந்த வரம்பு கிடையாது. புது வீடுகள் கட்டப்படட்டும் என்பது அரசு சொன்ன நியாயம். நீ இருக்கிற பேஸ்மென்றில் எப்போது முதன்முதலாக ஆக்கள் குடிவந்தார்கள் என்று வீட்டுக்காரரிடம் மெல்லக் கேட்டு வை.

கணக்கீட்டை விடாதே. வகுப்பில் மற்றப் பிள்ளைகள் டெபிட் எது, கிரெடிட் எது என்று தலையைப் பிய்த்துக்கொள்ளும்போது உனக்கு ஐந்தொகை கண்ணை மூடிக்கொண்டு வரும். அவர்கள் உன்னிடம் வந்து கேட்பார்கள். நீ தமிழில் படித்ததை அவர்களுக்கு ஆங்கிலத்தில் விளங்கப்படுத்த வேண்டி வரும். நீ பயப்படுகிற அந்த ஆங்கிலம் அப்படித்தான் வாயில் வரும், வேறு எந்த வகுப்பிலும் அவ்வளவு கெதியாய் வராது.

அதோடு, ஊரில் படிக்காத ஒன்றும் கணக்கீட்டில் இருக்கிறது: எச்.எஸ்.ரி. என்கிற விற்பனை வரி. எங்கட ஆக்களின் கடைக்குப் போனால் பில்லை எறியாமல் வாசித்துப் பார். அரிசி மூட்டைக்கு வரி இல்லை. சுடச்சுட விற்கிற ரோல்ஸுக்கு உண்டு. ஒரு பில்லில் அப்படிப்பட்ட சாப்பாடு 4 டொலருக்குள் நின்றால் 5 வீதம், தாண்டினால் 13 வீதம். நீ 6 டொலருக்கு ரோல்ஸ் வாங்கினால் கடைக்காரரின் கல்லாவில் 6 டொலர் 78 சதம் விழுகிறது. விற்பனை 6 டொலர்தான். 78 சதம் அவருடைய காசு இல்லை, அரசுக்குக் கொடுக்க வேண்டிய கடன். தான் சாமான் வாங்கும்போது கட்டிய எச்.எஸ்.ரி.யைக் கழித்துக்கொண்டு மிச்சத்தை அவர் கட்ட வேண்டும். நான் கணக்கு எழுதிக் கொடுத்த ஒரு கடைக்காரர், நல்ல மனுசன், கல்லாவில் கிடந்ததெல்லாம் தன்னுடையது என்று நினைத்துச் சரக்கு இறக்கிவிடுவார். வரி கட்டுகிற மாதம் வந்தால் கிரெடிட் கார்டில் காசு எடுப்பார். வியாபாரம் நட்டம் என்று ஊரெல்லாம் கதை. வியாபாரம் நன்றாகத்தான் நடந்தது. பொறுப்புப் பக்கத்தில் எழுத வேண்டியதை வருமானத்தில் எழுதியதுதான் பிரச்சினை. முதல் செமஸ்ரர் கணக்கீட்டில் இதற்கு இரண்டு மூன்று பக்கம்தான் ஒதுக்குவார்கள், கவனமாய்ப் படி.

பிஸ்னஸ் மத்ஸைச் "சின்னப்பிள்ளைக் கணக்கு" என்று எழுதியிருந்தாய். 60 டொலருக்கு வாங்கி 100 டொலருக்கு விற்றால் எத்தனை வீதம் இலாபம்? கொள்விலையில் பார்த்தால் 66.67, விற்பனை விலையில் பார்த்தால் 40. இரண்டும் சரி. எதன் மேல் கேட்கிறார்கள் என்று பார்க்காமல் எழுதினால் புள்ளி போய்விடும். பிறகு கூட்டுவட்டி வரும். கனடாவில் நிலையான வட்டி மோர்கேஜுக்கு வட்டி ஆண்டுக்கு இரண்டு தரம்தான் கூட்டப்படும், காசு கட்டுவது மாதாமாதம். ஆகவே பி.ஏ. டூ பிளஸ் கல்குலேற்றரில் பி/வையில் (வருடத்தில் எத்தனை தரம் கட்டுவது) 12 அடித்து என்ரர் கொடுத்தவுடன் சி/வையும் (எத்தனை தரம் வட்டி கூட்டுவது) தானாக 12 ஆகிவிடும் என்பதை மறவாதே. கீழ் அம்புக்குறியை அழுத்தி அதை 2 ஆக்கு. 5 வீத வட்டியில் 25 வருடத்துக்கு 4 இலட்சம் டொலர் எடுத்தால், சரியாகப் போட்டால் மாதம் 2,326 டொலர் வரும். மாற்ற மறந்தால் 2,338. பரீட்சையில் இரண்டு விடையும் பக்கத்தில் பக்கத்தில் இருக்கும், எழுதி வைத்துக்கொள். புதுக் கல்குலேற்றர் வாங்காதே, என்னுடையதை அனுப்புகிறேன்.

மார்க்கெற்றிங் அறிமுகத்தில் மக்கார்த்தி 1960இல் எழுதிய நான்கு பி-யும் வரும், பாடமாக்கினால் போதும். பிஸ்னஸ் அறிமுகத்தில் மாஸ்லோவின் தேவைப் பிரமிட்டை வரையச் சொல்வார்கள். 1943இல் அவர் எழுதிய கட்டுரையில் பிரமிட் படமே இல்லை, ஆனாலும் வரை, புள்ளி கிடைக்கும். பிஸ்னஸ் அறிமுகத்துக்கும் விலக்குக் கேட்காதே. கூட்டு வேலை அதில்தான் தொடங்கும். ஐந்து பேர் குழுவில் இரண்டு பேர் வேலை செய்வார்கள், அது எந்த நாட்டிலும் அப்படித்தான். நல்ல ஆக்களை அங்கேயே அடையாளம் கண்டு பிடித்து வை, அடுத்த செமஸ்ரர்களுக்கும் உதவும்.

நீ ஒரு வரிகூட எழுதாத பாடம் பிஸ்னஸ் கொமியூனிகேஷன். உனக்கு மிகவும் தேவையானது அதுதான். மெயில் எழுதுவது, அறிக்கை எழுதுவது, எங்கிருந்து எடுத்தாய் என்று மூலம் காட்டுவது. ஊரில் நோட்ஸைப் பாடமாக்கி அப்படியே எழுதினால் கெட்டிக்காரி. இங்கே மூலம் சொல்லாமல் எழுதினால் திருட்டு என்பார்கள், பூச்சியம் போடுவார்கள். பெயரும் பதிவாகும். உன் மெயில்கள் எல்லாம் சுகம் விசாரித்து, மழை வெயில் சொல்லி, கடைசி வரியில் விசயத்துக்கு வரும். எனக்கு அது பிடிக்கும். ஆசிரியருக்கு எழுதும்போது கேட்க வேண்டியதை முதல் வரியில் கேள். அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிடச் சொன்னால் கூச்சப்படாமல் கூப்பிடு. வகுப்பில் விளங்காவிட்டால் அங்கேயே கையைத் தூக்கு. கேள்வி கேட்டால் மரியாதை இல்லை என்று இங்கே ஒருவரும் நினைப்பதில்லை. பேசாமல் இருக்கிற பிள்ளையைத்தான் அக்கறை இல்லாதவள் என்று நினைத்துவிடுவார்கள்.

விலக்கு விண்ணப்பத்துக்கு ஏ.எல். பாடத்திட்டத்தின் ஆங்கிலப் பிரதி கேட்பார்கள். அம்மாவிடம் சொல்லி இப்போதே எடுப்பி. கடைசித் திகதி வகுப்புத் தொடங்கிக் கொஞ்ச நாளிலேயே வந்துவிடும். பாடவிபரம் கைக்கு வந்ததும் எனக்கும் ஒரு பிரதி அனுப்பு.

அன்புடன்,
சித்தி