ஒளிந்து நின்று பார்த்த சிவகோசரியார்

சங்கரன்கோவில் சங்கரநாராயணர் திருக்கோயிலுக்குச் செல்வோர் புற்றுமண்ணை நெற்றியில் இட்டுக்கொள்வதையும், வெள்ளித் தகட்டில் செய்த பாம்பு, தேள் உருவங்களை வாங்கி உண்டியலில் சேர்ப்பதையும் நண்பர்கள் பலர் பார்த்திருக்கக்கூடும். அரியும் அரனும் ஒன்றே என்பதைச் சங்கன், பதுமன் என்னும் நாக அரசர் இருவர்க்கும் உணர்த்திய தலம் இது என்பது தலபுராணம். பாம்பாட்டிச் சித்தரின் சமாதி இவ்வூரில்தான் உள்ளது என்றும், சித்தராவதற்கு முன் அவர் பாம்பு பிடிப்பதையே தொழிலாகக் கொண்டிருந்தார் என்றும் செவிவழிச் செய்திகள் வழங்குகின்றன. நாம் வாழும் மேலநீலிதநல்லூரிலிருந்து அக்கோயில் சிறிது நேரப் பேருந்துப் பயணந்தான். ஒவ்வோர் ஆடித்தபசுக்கும் அங்கே போய்த் திரும்பும்போது நம் மனத்தில் ஒரு கேள்வி எழும். பாம்பை வணங்குவோர்க்கு இத்துணை இடமுள்ள மண்ணில், பாம்பைப் பிடித்து வாழ்பவனுக்கு என்ன இடம்?

வேட்டையை வெறுப்போர் பக்கம் நியாயம் இல்லாமலில்லை. புலால் மறுத்தல், கொல்லாமை என இரு அதிகாரங்களை வள்ளுவர் ஒதுக்கியிருக்கிறார். இதே தமிழ்தான் ஒரே அம்பால் யானை, புலி, மான், பன்றி, உடும்பு ஐந்தையும் வீழ்த்திய வல்வில் ஓரியை வன்பரணர் வாயால் புகழ்ந்தும் வைத்திருக்கிறது. கபிலரின் குறிஞ்சிப்பாட்டில் தலைவன் வேட்டை நாய்கள் சூழத்தான் தலைவி முன் தோன்றுகிறான். முருகன் மணந்த வள்ளி வேடர் குடியில் வளர்ந்தவள். கொல்லாமையும் வேட்டையும் நம் மரபில் அருகருகேதான் இருந்து வந்திருக்கின்றன. ஒன்று மற்றொன்றை வென்று முடித்துவிட்டது என்று எவரேனும் சொன்னால், அவர் பாதி நூல்களை மட்டுமே படித்தவர் என்று கொள்ளலாம்.

இவ்விரண்டும் நேருக்கு நேர் மோதுகிற இடம் பெரியபுராணத்தில் உள்ளது. திருக்காளத்தியில் திண்ணன் இறைச்சியைச் சுவைத்துப் பதம் பார்த்துப் படைக்கிறான். வாயில் கொணர்ந்த நீரால் நீராட்டுகிறான். ஆகம விதிப்படி பூசை செய்யும் சிவகோசரியார் எலும்பும் ஊனும் சிதறிக் கிடப்பதைக் கண்டு பதைக்கிறார், அழுகிறார், கழுவித் தூய்மை செய்கிறார். மறுநாளும் அவ்வாறே நிகழ்கிறது. இறைவன் அவருடைய கனவில் தோன்றி அந்த வேடனின் அன்பை எடுத்துரைக்கிறான். ஆயினும் அவ்வளவில் விட்டுவிடவில்லை. மறைந்து நின்று பார் என்கிறான். சிவகோசரியார் ஒளிந்து நின்று பார்க்கிறார். அதன் பின்னரே தெளிகிறார். இறைவனே சொன்ன சொல்லும் போதவில்லை, கண்ணால் காண வேண்டியிருந்தது என்பதைப் பாடம் நடத்தும்போதெல்லாம் நாம் மாணவர்க்குச் சுட்டுவதுண்டு. வேட்டைக் குடிகளைப் பற்றிப் பேசும் இன்றைய கட்டுரைகளில் நாம் அதிகம் காணாத நுட்பம் இது.

சென்ற ஐம்பது ஆண்டுகளில் இதற்கு நிகரான நிகழ்ச்சி ஒன்று தமிழகத்தில் நடந்திருக்கிறது. செங்கல்பட்டு, காஞ்சிபுரம், திருவள்ளூர் பகுதிகளில் வாழும் இருளர்கள் பாம்பையும் எலியையும் பிடித்தவர்கள். பாம்புத் தோல் ஏற்றுமதியாகிக்கொண்டிருந்த காலத்தில் அவர்கள் பிடித்த பாம்புகள் தோலாகிக் கப்பலேறின. ஒரு தோலுக்கு இருளருக்குக் கிடைத்தது சொற்பம், வணிகருக்குக் கிடைத்தது மிகுதி. 1972இல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. 1970களின் இடையில் தோல் ஏற்றுமதியும் தடைப்பட்டது. காட்டைக் காப்பதற்காக வந்த சட்டம் காட்டை நன்கறிந்த ஒரு குடியின் அடுப்பை அணைத்தது. சட்டம் தவறென்று நாம் சொல்ல வரவில்லை. அன்றைய வேகத்தில் தோல் உரித்துக்கொண்டே போயிருந்தால் நம் வயல்களில் எலி மட்டுமே எஞ்சியிருக்கும்.

அப்போது ஊர்வன ஆய்வாளர் ரோமுலஸ் விட்டேக்கரும் இருளர்களும் சேர்ந்து ஒரு வழி கண்டனர். 1978இல் இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் தோன்றியது. மாமல்லபுரத்துக்கு அருகே வடநெம்மேலியில், முதலைப் பண்ணை வளாகத்தினுள் அது இயங்கி வருகிறது. நாகம், கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகிய நான்கையும் உரிமம் பெற்றுப் பிடிக்கிறார்கள். மண்பானைக்குள் விட்டு வாயைத் துணியால் கட்டி வைக்கிறார்கள். சில வாரங்கள் வைத்திருந்து, இடைவெளி விட்டு நஞ்செடுக்கிறார்கள். பிறகு வயிற்றுச் செதிலில் சிறு அடையாளம் வெட்டிக் காட்டில் விட்டுவிடுகிறார்கள். அடையாளமுள்ள பாம்பு மீண்டும் அகப்பட்டால், அண்மையில் நஞ்சு கொடுத்தது என்றறிந்து விட்டுவிடலாம். உறைய வைத்து உலர்த்திய அந்த நஞ்சைச் சிறுகச் சிறுகக் குதிரையின் உடலில் செலுத்தி நஞ்சுமுறி மருந்து செய்கின்றன மருந்து நிறுவனங்கள். நாட்டின் தேவையில் பெரும்பங்கு இச்சங்கத்திலிருந்தே சென்றிருக்கிறது. கடப்பாரை, துணிப்பை, தடம் பார்க்கும் கண், எல்லாம் பழைய வேட்டைக்குரியவையே. முடிவு மட்டும் மாறிவிட்டது. கொல்வதற்குப் பிடித்த கை திருப்பி விடுவதற்குப் பிடிக்கிறது.

நமக்கு முக்கியமாகப் படுவது இன்னொன்று. நஞ்செடுப்பதை அங்கே பொதுமக்கள் பார்க்கலாம். கட்டணம் செலுத்தி உள்ளே செல்லும் குடும்பம் குழியைச் சுற்றி நிற்கும். இருளர் ஒருவர் நாகத்தைக் கொக்கியால் தூக்கி, தலையைப் பற்றி, கண்ணாடிக் குடுவையின் மேல் கட்டிய தோலைக் கடிக்க வைப்பார். மஞ்சள் துளி இறங்கும். பள்ளிப் பிள்ளைகள் வாய் பிளந்து நிற்பர். இருளர்களை ஆதரித்து எழுதிய கட்டுரைகள் செய்யாததை அந்தத் துளி செய்திருக்கிறது என்பது நம் எண்ணம். சிவகோசரியார்கள் ஒளிந்து நிற்கவேண்டிய தேவையும் அங்கே இல்லை.

2017இல் அமெரிக்காவின் புளோரிடாவில் பெருகிவிட்ட பர்மிய மலைப்பாம்புகளைப் பிடிக்க மாசி சடையன், வடிவேல் கோபால் என்னும் இருளர் இருவரை அழைத்துச் சென்றார்கள். அங்குள்ளோர் கருவியும் நாயும் கொண்டு தேடிச் சலித்த இடங்களில் இவர்கள் ஒரு மாதத்துக்குள் இருபதுக்கும் மேற்பட்டவற்றைப் பிடித்தார்கள். 2023இல் இருவருக்கும் பத்மஸ்ரீ விருது கிடைத்தது. வேட்டைத் தொழில் என்பதற்காகவே ஐயத்துடன் பார்க்கப்பட்ட குடியிலிருந்து இருவர் குடியரசுத் தலைவர் கையால் விருது பெற்றது சிறிய செய்தியன்று.

ஆயினும் இதை ஒரு வெற்றிக் கதையாக மட்டும் எழுதிவிட நமக்கு மனமில்லை. 2020இல் வெளியான ஆய்வொன்று, இந்த நூற்றாண்டின் முதல் இருபது ஆண்டுகளில் இந்தியாவில் ஏறத்தாழ 12 லட்சம் பேர் பாம்புக் கடியால் இறந்தனர் என மதிப்பிட்டது. ஆண்டுக்குச் சராசரி 58,000. பெரும்பாலோர் கிராமத்து உழவர்கள். 2024 நவம்பரில் தமிழக அரசு பாம்புக்கடியைக் கட்டாயம் அறிவிக்கவேண்டிய நோயாக்கியது. ஒரே இனப் பாம்பின் நஞ்சே இடத்துக்கு இடம் வேறுபடுகிறது என்று பெங்களூரு இந்திய அறிவியல் நிறுவனத்தார் காட்டியிருக்கிறார்கள். அப்படியானால் செங்கல்பட்டுப் பாம்பின் நஞ்சில் செய்த மருந்து நாடு முழுதுக்கும் போதுமா என்பது நேர்மையான கேள்வி. அதற்கு விடை இருளரை விலக்குவதன்று, பிற மாநிலங்களிலும் இத்தகைய சங்கங்கள் அமைவதுதான் என்பது நம் கருத்து.

எல்லா வேட்டைக்கும் இந்தப் பரிவு பொருந்தாது என்பதையும் சொல்லிவிட வேண்டும். நம் வட்டாரத்துக்கு வடக்கேதான் சிப்பிப்பாறை. அவ்வூர்ப் பெயர் கொண்ட நாயும் கன்னி நாயும் முயல் விரட்டிப் பெயர் பெற்றவை. இன்று சில இளைஞர்கள் நாயை ஏவி முயலைக் கடிக்க விட்டு அதைக் கைப்பேசியில் படமெடுத்துப் பரப்புகிறார்கள். வனத்துறை தண்டம் விதிக்கும்போது மரபு, வீரம் என்கிறார்கள். பசிக்காகவும் இல்லை, பயிருக்காகவும் இல்லை, பார்வையாளர் எண்ணிக்கைக்காக நடக்கும் இதைப் புரிந்துகொள்ளுமாறு யாரையும் கேட்க நமக்கு நா எழவில்லை. மக்காச்சோளத்தைக் காட்டுப்பன்றி உழுது போட்ட காட்டில் விடிகாலையில் நிற்கும் உழவரின் கோபம் வேறு. அதற்குச் செவிகொடுத்துக் கேரள அரசு 2022இல் பன்றியைச் சுட ஆணையிடும் பொறுப்பை உள்ளாட்சித் தலைவர்களிடம் தந்தது. தமிழகத்தில் 2025 ஜனவரியில் வந்த ஏற்பாட்டின்படி காப்புக்காட்டிலிருந்து மூன்று கிலோமீட்டருக்கு அப்பால் வனத்துறையினர் மட்டுமே சுடலாம்.

நம் பாடத்திட்டத்தில் திரிகூடராசப்பக் கவிராயரின் குற்றாலக் குறவஞ்சி உண்டு. கவிராயர் நம் பக்கத்து மேலகரத்தவர். பறவை பிடிக்கும் சிங்கன் நூவனோடு கண்ணி வைக்கும் பகுதி வரும்போது மாணவர் ஒருவர் எழுந்து, “ஐயா, சிங்கன் இப்ப வந்தா வனத்துறை பிடிச்சிட்டுப் போயிராதா?” என்றார். வகுப்பு சிரித்தது. கேள்வி சரியானதே. சிங்கன் குறிவைக்கும் கொக்கும் நாரையும் இன்று சட்டப் பாதுகாப்பில் உள்ளவை. குறவஞ்சி பாடியதற்காக அரசு கவிராயருக்கு நிலம் தந்தது, குறவஞ்சிமேடு என்று அதற்குப் பெயர். நூலின் நாயகனாய் அலைந்த சிங்கனின் உறவினர்க்குப் பின்னாளில் கிடைத்தது குற்றப் பரம்பரைச் சட்டம். 1871இல் பிறந்த அச்சட்டம் 1911இல் சென்னை மாகாணத்துக்கும் வந்து, குறவர் பிரிவுகள் பலவற்றைக் காவல் நிலையக் கைநாட்டுக்கு வரிசையில் நிறுத்தியது.

நரிக்குறவர்க்கு ஒரு வடநெம்மேலி வாய்க்கவில்லை. நாட்டுத் துப்பாக்கி போனபின் ஊசியும் பாசியும் விற்கிறார்கள். அவர்களைப் பழங்குடிப் பட்டியலில் சேர்க்கும் சட்டம் 2023 ஜனவரியில்தான் நடைமுறைக்கு வந்தது. அதன்பின் ஒருநாள் பேருந்து நிலையத்தில் பாசிமணி விரித்திருந்த முதியவர் ஒருவர், பேரனுக்கான விண்ணப்பத்தை நிரப்பித் தரும்படி நம்மிடம் நீட்டினார். கொக்கு எந்தக் குளத்தில் எந்த மாதம் இறங்கும், எந்தக் காற்றில் கௌதாரி கூவும் என்று எழுதிக்கொண்டிருக்கும்போதே அவர் சொல்லிக்கொண்டு வந்தார். தொழில் என்னும் இடத்தில் என்ன எழுதட்டும் என்று கேட்டோம். சற்று யோசித்தார்.

“பாசிமணி யாவாரம்னு போடு சாமி.”

அப்படியே எழுதிக் கொடுத்தோம்.