மெழுகுதிரியும் எட்டாம் கட்டளையும்

மெழுகுதிரி இல்லாத கத்தோலிக்க இல்லம் அரிது. திருப்படத்தின் முன் ஏற்றவும், மின்சாரம் தடைப்பட்டால் பயன்படவும் அதனை வாங்கி வைத்திருக்கிறோம். அதைக் கொண்டே பிள்ளைகளுக்கு அறிவியலின் வழிமுறையைக் கற்பிக்கலாம் என்பதைப் பெற்றோர் பலர் எண்ணிப் பார்த்திருக்கமாட்டார்கள். ஆங்கில விஞ்ஞானி மைக்கேல் ஃபாரடே எண்ணிப் பார்த்தார். கொல்லரின் மகனாய்ப் பிறந்து, புத்தகம் கட்டும் தொழில் பயின்ற அவர், 1860-61 கிறிஸ்துமஸ் விடுமுறையில் இலண்டன் மாநகரச் சிறுவர் சிறுமியருக்கு ஆறு சொற்பொழிவுகள் ஆற்றினார். ஆறுக்கும் பொருள் ஒரு மெழுகுதிரியே!

நம் பிள்ளைகள் யாவரும் அறிந்த சோதனை ஒன்றுண்டு. தட்டில் நீர் ஊற்றி, நடுவே எரியும் மெழுகுதிரியை நிறுத்தி, அதன்மேல் கண்ணாடி டம்ளரைக் கவிழ்க்கிறோம். சுடர் அணைகிறது, நீர் டம்ளருக்குள் ஏறுகிறது. காற்றில் ஐந்தில் ஒரு பங்கு ஆக்ஸிஜன், அது எரிந்து தீர்ந்தது, அவ்விடத்தை நீர் நிரப்பியது என்று பல புத்தகங்கள் காரணம் கூறிவந்தன. பிள்ளைகளும் ரெக்கார்டு நோட்டில் அவ்வாறே எழுதி மதிப்பெண் பெற்றனர்.

இப்போது அதே டம்ளரில், அதே அளவு நீரில், ஒன்றுக்குப் பதில் மூன்று மெழுகுதிரிகளை ஏற்றி வைத்துப் பாருங்கள். நீர் முன்னிலும் உயரமாக ஏறும். டம்ளரில் அடைபட்ட ஆக்ஸிஜன் மூன்று மடங்காகிவிட்டதா? இல்லையே! கூடியது வெப்பம். சூடேறிய காற்று விரிந்து, ஒரு பகுதி வெளியேறுகிறது. கூர்ந்து நோக்கினால் விளிம்பில் குமிழிகள் தெரியும். சுடர் அணைந்தபின் எஞ்சிய காற்று குளிர்ந்து சுருங்க, வெளிக்காற்றின் அழுத்தம் நீரை உள்ளே தள்ளுகிறது. நீர் பெரும்பாலும் சுடர் அணையும் தறுவாயிலும் அதன் பின்னருமே ஏறுவதைப் பிள்ளைகளே கண்டுசொல்வார்கள். ஆக்ஸிஜன் முழுதும் தீர்ந்துவிடுவதும் இல்லை. காற்றில் அது நூற்றுக்கு 21 பங்கிலிருந்து ஏறத்தாழ 16 பங்காகக் குறையும்போதே சுடர் அணைந்துவிடும்.

ஒன்றை மட்டும் மாற்றி, மற்றவற்றை மாற்றாமல் வைத்து, மும்முறை செய்து, கண்டதைக் கண்டவாறே எழுதுதல்: அறிவியலின் வழிமுறை என்பது பெரும்பாலும் இதுவே. இதற்கு ஆய்வுக்கூடம் வேண்டியதில்லை. டம்ளரில் கோடிட்ட காகிதத் துண்டு ஒன்றை ஒட்டினால் அளவுகோலும் ஆயிற்று. (தீயருகே பெரியவர் ஒருவர் இருத்தல் வேண்டும்.)

ஆனால் வகுப்புகள் பலவற்றில் நடப்பது யாது? சோதனை செய்யும் முன்னரே முடிவு நோட்ஸில் அச்சாகி இருக்கிறது. வேறொன்றைக் கண்ட பிள்ளையும் அச்சானதையே எழுதுகிறது. காணாததைக் கண்டதாக எழுதுவது பொய்ச்சாட்சி ஆகாதா? எட்டாம் கட்டளையைக் குறித்து ஆன்ம சோதனை செய்யும்போது ரெக்கார்டு நோட்டு எவருடைய நினைவுக்கும் வருவதில்லை!

மாற்று வழியை நம் நாடு கண்டதுண்டு. 1972-ஆம் ஆண்டு மத்தியப் பிரதேசத்து ஹோஷங்காபாத் மாவட்டத்தில், கிஷோர் பாரதி என்னும் அமைப்பும், ரசூலியாவிலிருந்த நண்பர்கள் கிராம மையமும் 16 நடுநிலைப் பள்ளிகளில் சோதனை வழி அறிவியல் கல்வியைத் தொடங்கின. குழந்தைகள் சிறு குழுக்களாய்ச் சோதனை செய்வர்; எல்லாக் குழுக்களின் முடிவுகளும் கரும்பலகையில் ஏறும்; ஒரு குழுவின் முடிவு வேறுபட்டால் அதட்டல் இல்லை, ஏன் என்ற ஆராய்ச்சி உண்டு. தேர்வில் புத்தகத்தைத் திறந்து வைத்துக்கொண்டே எழுதலாம். நூற்றுக்கணக்கான பள்ளிகளுக்குப் பரவிய அத்திட்டத்தை மாநில அரசு 2002-இல் நிறுத்திவிட்டது. பெரிய இழப்பு என்றே நாம் கருதுகிறோம்.

“கேள்வி கேட்கப் பழகிய பிள்ளை நாளை ஞானோபதேசத்திலும் கேள்வி கேட்பானே” என அஞ்சும் பெற்றோர் உண்டு. கேட்கட்டும். காயங்களைத் தொட்டுப் பார்க்க விழைந்த தோமையாரை ஆண்டவர் விரட்டவில்லை. கையை நீட்டச் சொன்னார். அத்தோமையாரைத்தானே பரங்கிமலையில் வணங்குகிறோம்? லூர்து நகரில் 1883 முதல் மருத்துவ அலுவலகம் ஒன்று இயங்கி வருகிறது. பிற சமயத்தாரும், சமய நம்பிக்கை இல்லாதாரும் ஆகிய மருத்துவர்களும் அங்கே சான்றுகளை ஆராயலாம். குணமடைந்ததாய்ப் பதிவானவர் பல்லாயிரவர். புதுமை எனத் திருச்சபை ஏற்றவை நூற்றுக்கும் குறைவு. அன்னை மரியாவின் திருத்தலத்திலேயே சோதித்தறிதல் நடக்கையில், வகுப்பறையில் நாம் ஏன் அஞ்ச வேண்டும்?

காரிமங்கலம் வட்டாரத்தில் இதற்கு அவசரக் காரணம் ஒன்றும் உண்டு. தருமபுரி மாவட்டத்து நிலத்தடி நீரில் பல இடங்களில் ஃபுளோரைடு மிகுதி. பிள்ளைகளின் பற்களில் பழுப்புக் கறை, முதியோரின் மூட்டிலும் முதுகிலும் இறுக்கம் ஆகியவை அதனால் வருவன. 2013-இல் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் தொடங்கப்பெற்றது இதனாலேயே. எனினும், குழாய் நீர் வராத நாளில் ஆழ்துளைக் கிணற்றையே நாடுகிறோம். அந்நீர் தெளிவாயிருக்கும், நாவுக்கும் வேறுபாடு தெரியாது. “காய்ச்சிக் குடித்தால் போதும்” என்று தாய்மார் நம்புகிறார்கள். காய்ச்சுதல் கிருமிகளைக் கொல்லும், ஃபுளோரைடைப் போக்காது.

இதையும் பிள்ளைகளே சோதிக்கட்டும். இரண்டு டம்ளர் நீரில் சிறிது உப்பைக் கரைத்து, ஒரு டம்ளராகச் சுண்டக் காய்ச்சி, ஆறியபின் சுவைத்துப் பார்க்கட்டும். நீர்தான் ஆவியாகும், கரைந்திருப்பது தங்கிச் செறியும் என்பதை நாவே கூறிவிடும். ஃபுளோரைடும் அவ்வாறே. அதன் அளவை மட்டும் நாவு கூறாது. லிட்டருக்கு ஒன்றரை மில்லிகிராமைத் தாண்டிய நீர் குடிக்கத் தகாதது. ஆகவே, உங்கள் கிணற்று நீரைக் கண்ணாடிப் புட்டியில் அன்றி, அதே நீரால் இருமுறை அலசிய பிளாஸ்டிக் புட்டியில் பிடித்து, இடத்தையும் நாளையும் பிள்ளையின் கையாலேயே எழுதி ஒட்டச் செய்து, குடிநீர் வடிகால் வாரியத்தின் ஆய்வகத்தில் கொடுங்கள். முடிவு வந்ததும், அதையும் அப்பிள்ளையே வாசிக்கட்டும்.