ஊர்த்தெருவில் ஓடிய பந்தயம்

நியூயார்க் மாநிலத்தில், செனிகா ஏரியின் தென்கோடியில் இருக்கும் வாட்கின்ஸ் கிளென் இரண்டாயிரம் பேர்கூட இல்லாத ஊர். ஆனால் கார் பைத்தியங்களுக்கு அது கோயில்.

1948 அக்டோபரில் கேமரான் ஆர்கெட்சிங்கர் என்ற சட்டக்கல்லூரி மாணவர் முன்கை எடுக்க, ஊர்ச் சாலைகளிலேயே கார் பந்தயம் நடந்தது. சுற்றுக்கு 6.6 மைல். வழியில் தண்டவாளம் வேறு! பந்தயம் முடியும்வரை ரயிலையே நிறுத்தி வைத்தார்களாம்.

1952இல் வேடிக்கை பார்த்த சிறுவன் ஒருவன் கார் மோதி இறந்தான். தெருப் பந்தயத்தை ஊருக்கு வெளியே கொண்டுபோனார்கள். சரியான முடிவுதான். 1956இல் தனித் தடம் வந்தது. 1961 முதல் 1980 வரை அமெரிக்க கிராண்ட் பிரீ ஃபார்முலா 1 பந்தயம் அங்கேதான் நடந்தது.

இப்போது ஆண்டுதோறும் செப்டம்பரில் ஒரு வெள்ளிக்கிழமை, பழைய பந்தயக் கார்கள் பிராங்க்ளின் தெருவில் அணிவகுக்கின்றன. கோர்ட் வாசலில் கிளம்பி அதே பழைய பாதையைச் சுற்றுகின்றன. திறந்த பானெட்டுக்குள் தலையை விட்டபடி தாத்தாக்கள் நிற்பார்கள். கேள்வி கேட்டால் விடமாட்டார்கள்.

போகிறவர்கள் வெள்ளிக்கிழமையே போய்விடுங்கள். அதே வாரக்கடைசியில் தடத்தில் நடக்கும் பந்தயத்துக்கு டிக்கெட் வேண்டும். தெருத் திருவிழா இலவசம்.