வேலியை விட்டு வந்த தோரணம்

கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில் நிற்கும் தோரணவாயில் அவ்வழியே செல்லும் மாணவர்க்குப் பழகிய காட்சி. இரண்டு பெருந்தூண்கள், அவற்றின் மேல் குறுக்கே வளைந்து கிடக்கும் மூன்று உத்தரங்கள். மத்தியப் பிரதேசத்துச் சாஞ்சித் தோரணத்தைப் பின்பற்றி அமைந்த இது, இந்திய அரசின் அன்பளிப்பு. 2015 நவம்பர் 23ஆம் நாள் இந்திய, மலேசியப் பிரதமர்கள் இதனைத் திறந்து வைத்தனர். தோரணம் என்றதும் நம்மவர் நினைவுக்கு வருவது நிலையில் தொங்கும் மாவிலைதான். தூண்களோடு கூடிய வாயிலுக்கே உரிய பெயரை இலைக்கும் சரட்டுக்கும் கொடுத்துவிட்டோம்.

சாஞ்சியில் அந்த வாயில் தனித்து நிற்பதன்று. பெரிய தூபியைச் சுற்றிக் கல்லாலான வேலி ஒன்று ஓடுகிறது. அவ்வேலியின் நான்கு திறப்புகளில், கி.மு. முதல் நூற்றாண்டளவில் எழுந்தவையே நான்கு தோரணங்களும். வேலியோ அவற்றினும் மூத்தது. ஆள் உயரத்தை விஞ்சும் கற்கால்கள் வரிசையாக நிற்கின்றன. ஒவ்வொரு காலின் இருபக்கமும் மும்மூன்று துளைகள். அத்துளைகளில் குறுக்குக் கற்கள் செருகப்பட்டுள்ளன. வடமொழியார் இவற்றை ஊசி என்னும் பொருளில் 'சூசி' என்பர். உச்சியில் நீண்ட கற்கள் தலைப்பாகை போலக் கவிந்து அனைத்தையும் பிணைக்கின்றன.

இது கல்வேலையா, மரவேலையா? துளையும் கழுந்தும் தச்சருக்கு உரியவை. மரவேலி கட்டிப் பழகிய கைகள், கல் கிடைத்தபோதும் பழைய முறையை விடவில்லை. சிற்பியைக் 'கல்தச்சர்' என்று தமிழ் அழைப்பதன் நுட்பம் இங்கே விளங்கும். கொங்கு நாட்டுத் தோட்டக்காரர் இத்தகைய அழகு தேடுவதில்லை. பாறையில் வரிசையாகக் குழியிட்டு, ஆப்பு இறக்கி, சம்மட்டியால் அடித்துப் பிளந்த கல்லை நட்டு முள்கம்பி கட்டிவிடுவார். கரையானுக்கும் மழைக்கும் அந்தக் கால் அஞ்சாது. அவருக்கு அது போதும்.

சாஞ்சி வேலியின் உண்மைச் செல்வம் அதன் எழுத்துகள். கால்களிலும் குறுக்குக் கற்களிலும் கொடுத்தவர் பெயர்கள் பொறிக்கப்பட்டிருக்கின்றன. அவர்கள் மன்னர்கள் அல்லர். வணிகர், நெசவாளர், இல்லத்துப் பெண்கள், துறவியர். ஒருவர் ஒரு கல். அவ்வளவே அவர்களால் இயன்றது. கல் நடுவதை அறமாகக் கொள்வது தமிழர்க்கும் புதிதன்று. மாடு உடம்பை உரசிக்கொள்ள நடும் ஆவுரிஞ்சுதறியை முப்பத்திரண்டு அறங்களுள் ஒன்றாக எண்ணினர் முன்னோர். யாழ்ப்பாணத்தில் அக்கற்கள் பல நின்றன. அம்மண்ணிலிருந்து இரயில்வே பணிக்கு வந்தவர் பலர் குடியேறிய இடம் பிரிக்பீல்ட்ஸ்.

சாஞ்சிக் கல்லெழுத்தைப் படிக்க நெடுங்காலம் எவராலும் இயலவில்லை. கல்கத்தா நாணயச்சாலையில் பணியாற்றிய ஜேம்ஸ் பிரின்செப் 1837இல் அவற்றின் படிகளை வைத்துக்கொண்டு ஆராய்ந்தார். சிறு சிறு வரிகள். பெரும்பாலானவை ஒரே எழுத்துகளில் முடிந்தன. கொடையைக் குறிக்கும் 'தானம்' என்னும் சொல்லாக இருக்கலாம் என்று அவர் ஊகித்தார். பிராமி எழுத்தின் பூட்டு திறந்தது. அசோகன் ஆணைகள் பேசின. அந்த அறிவு இருந்ததனால்தான் பாண்டிய நாட்டுக் குகைகளில் உள்ள பிராமி எழுத்துகள் தமிழ்மொழியைத் தாங்கியவை என்று கே. வி. சுப்பிரமணிய ஐயர் 1924இல் காட்ட முடிந்தது. வாயிற்சிற்பங்களின் பேரெழில் செய்யாத உதவியை, வேலிக்கால்களில் கிடந்த எளிய பெயர்கள் தமிழுக்குச் செய்தன.

பிரிக்பீல்ட்ஸுக்கு வந்தது வாயில், வேலி வரவில்லை. 1881இல் தீயும் வெள்ளமும் கோலாலம்பூரை அழித்தபின், நகரைச் செங்கல்லால் எழுப்பச் சூளைகள் எரிந்த நிலம் இது. பெயரே அதனால் வந்தது. 1886இல் கிள்ளான் பக்கம் இரயில் ஓடத் தொடங்கியது. செங்கல் சுமந்தவர் யார், தண்டவாளம் இட்டவர் யார் என்று கேட்டால் அதிகாரிகள் பெயரே முதலில் கிடைக்கிறது. மாணவரை அத்தோரணத்தடிக்கு அழைத்துச் செல்லும் தமிழாசிரியர், வராத வேலியின் கால்களை அவர்களிடமே ஒப்படைக்கலாம்: ஒவ்வொருவரும் தம் வீட்டில் கேட்டறிந்து, பாட்டன் அல்லது பாட்டியின் பெயர், ஊர், செய்த வேலை ஆகியவற்றை ஒரே வரியில் எழுதி வரட்டும், வரியின் முடிவில் 'தானம்' என்று சேர்த்துக்கொள்ளட்டும்.